அணிலுக்கு எதுக்கு ஜாதகம்?



போன மாதம் உயிரியல் வகுப்பில் ஒரு சின்ன விவாதம். அபூர்வமான பறக்கும் அணில்களின் மைட்டோகாண்ட்ரியா ஜீனோமை, அதாவது மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கும் டி.என்.ஏ. முழுவதையும், விஞ்ஞானிகள் எழுத்து எழுத்தாக வாசிக்கிறார்கள் என்று நான் சொன்னேன். உடனே பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல். "மனுஷனுக்கே ஜாதகம் பார்க்கக் காசு இல்ல. அணிலுக்கு எதுக்குடா ஜாதகம்?" வகுப்பே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். ஆனால் வீட்டுக்குப் போன பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அன்றைக்குச் சொல்ல வராத பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில் நம்ம ஊர் விஷயத்தைப் பார்ப்போம். செண்பகத்தோப்புக்குப் போனவர்களில் சிலர் நரை அணிலைப் பார்த்திருப்பீர்கள். பகலில் கிளைக்குக் கிளை தாவும், நீளமான வால் தொங்கும். ஆனால் பறக்கும் அணிலை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? அது பகல் முழுக்க மரப்பொந்தில் தூங்கும். நாம் தூங்கும் நேரத்தில்தான் அது வெளியே வரும். பெயர்தான் பறக்கும் அணில், அதற்குச் சிறகு கிடையாது! முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவில் இருக்கும் தோலை விரித்துக்கொண்டு, உயரமான மரத்திலிருந்து பக்கத்து மரத்துக்குச் சறுக்கி இறங்கும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று பெரிய பழுப்புப் பறக்கும் அணில். நம் ஸ்ரீவில்லிபுத்தூர் காட்டிலும் இது இருக்கிறது. இன்னொன்று சின்னது, திருவிதாங்கூர் பறக்கும் அணில். வாலை விட்டுவிட்டால் உடம்பு சுமார் ஒரு அடிதான். ஏறக்குறைய நூறு வருஷமாக எந்தப் பதிவும் இல்லாமல் இருந்து, 1989ல்தான் கேரளத்தில் மீண்டும் கண்டுபிடித்ததாக அறிவித்தார்கள். நூறு வருஷம்! அது இருந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. நமக்குத்தான் தெரியவில்லை.

இப்போது ஒரு வேடிக்கை சொல்கிறேன். பெரிய பழுப்புப் பறக்கும் அணிலின் அறிவியல் பெயர் 'பெட்டாரிஸ்டா பிலிப்பென்சிஸ்'. பெயரைக் கேட்டால் பிலிப்பைன்ஸ் நாட்டு அணில் என்றுதானே நினைப்போம்? ஆனால் 1839ல் வால்டர் எலியட் என்பவர் இந்தப் பெயரை வைத்தது மெட்ராஸ் பக்கத்து அணிலுக்கு! பிலிப்பைன்ஸில் இந்த அணிலே கிடையாது. ஜாதகத்தில் பிறந்த ஊரையே தப்பாக எழுதின கதைதான்.

அதோடு முடியவில்லை. இந்தியா, இலங்கையிலிருந்து தென்கிழக்கு ஆசியா, சீனா, தைவான் வரைக்கும் இருக்கிற பெரிய பறக்கும் அணில்களைப் பல காலமாக இதே பெயரில் ஒன்றாகச் சேர்த்து வைத்திருந்தார்கள். நிறம், உருவம் ஓரளவு ஒத்துப்போனதுதான் காரணம். பிற்பாடு மைட்டோகாண்ட்ரியா மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, இவை எல்லாம் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் இல்லை, சில ரொம்பக் காலத்துக்கு முன்பே பிரிந்து போனவை என்று தெரிந்தது. சிலவற்றைத் தனிச் சிற்றினமாக இப்போது பிரிக்கிறார்கள்.

அது என்ன மைட்டோகாண்ட்ரியா எழுத்து? செல்லின் ஆற்றல் நிலையம் மைட்டோகாண்ட்ரியா என்று பாடத்தில் படித்திருக்கிறோம். அதற்குள் வட்டமாக ஒரு சின்ன டி.என்.ஏ. தனியாக இருக்கிறது. பாலூட்டிகளில் அதன் நீளம் சுமார் 16,500 எழுத்து, அதில் 37 மரபணுக்கள். நம் நோட்டில் பக்கத்துக்கு 800 எழுத்து எழுதினால் இருபத்தொரு பக்கத்தில் முடிந்துவிடும். உட்கருவில் இருக்கும் டி.என்.ஏ. மனிதனுக்குச் சுமார் 300 கோடி எழுத்து. அதை எழுத முப்பத்தேழு லட்சம் பக்கத்துக்கு மேல் வேண்டும்! ஆகவே ஒரு பிராணி யார் என்று விசாரிக்க ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் அந்தச் சின்ன நோட்டிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள்.

இன்னொரு வசதியும் இருக்கிறது. இந்த டி.என்.ஏ. அம்மாவிடமிருந்து மட்டும் வருவது. எனக்கு என் அம்மா கொடுத்தது, அவங்களுக்கு அம்மாச்சி கொடுத்தது, அவங்களுக்கு அவங்க அம்மா கொடுத்தது. வழிவழியாக வரும்போது எப்போதாவது ஓர் எழுத்து மாறும். இரண்டு அணில்களுக்கு நடுவே எத்தனை எழுத்து மாறியிருக்கிறது என்று எண்ணினால், அவை பிரிந்து எவ்வளவு காலம் ஆனது என்று தோராயமாகக் கணக்குப் போடலாம்.

சரி, ஆளே கண்ணில் படாத அணிலின் எழுத்தை எப்படி வாசிப்பது? அதற்கு உயிருள்ள அணிலைப் பிடிக்கத் தேவையில்லை. உதிர்ந்த முடி, காய்ந்த தோல், மியூசியத்தில் இருக்கும் பழைய எலும்பு எதுவானாலும் முயன்று பார்க்கலாம். ஒரு செல்லில் உட்கரு டி.என்.ஏ. இரண்டு பிரதிதான். மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. நூற்றுக்கணக்கில், சில செல்களில் ஆயிரக்கணக்கில் இருக்கும். இந்தச் சுவர் இதழை ஆயிரம் ஜெராக்ஸ் எடுத்து எல்லாவற்றையும் கிழித்துப் போட்டாலும், துண்டுகளை ஒன்றோடு ஒன்று பொருத்தி முழுக்கட்டுரையையும் படித்துவிடலாம் இல்லையா? ஒரே ஒரு பிரதி கிழிந்து பாதி காற்றில் போய்விட்டால் முடியாது. 1984ல் அமெரிக்காவில், அழிந்துபோன குவாகா என்ற வரிக்குதிரையின் 140 வருஷத்துப் பழைய தோலிலிருந்து மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. துண்டுகளை வாசித்துக் காட்டினார்கள்.

இதனால் என்ன கிடைத்தது என்று கேட்பீர்கள். இமயமலைப் பக்கம் 'கம்பளிப் பறக்கும் அணில்' என்று ஒன்று உண்டு. 1888ல் பெயர் வைத்தார்கள். நூறு வருஷத்துக்கு மேல் உலகத்தில் அது ஒரே ஒரு சிற்றினம் என்றுதான் நினைத்திருந்தார்கள். மியூசியங்களில் கிடந்த பழைய தோல்களையும் மண்டை ஓடுகளையும் எடுத்து, மரபணுவையும் ஒப்பிட்டு, அது ஒன்றல்ல, மூன்று என்று 2021ல் அறிவித்தார்கள். மூன்றில் ஒன்று அழிந்திருந்தால், அழிந்தது என்று சொல்லக்கூட நமக்குத் தெரிந்திருக்காது!

அருணாசலப் பிரதேசத்தில் நம்தபா பறக்கும் அணில் என்று இன்னொன்று. 1981ல் கிடைத்த ஒரே ஒரு உடலை வைத்துத்தான் அதற்குப் பெயரே வைத்தார்கள். அதே 1981ல்தான் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள் மனித மைட்டோகாண்ட்ரியாவின் 16,569 எழுத்துக்களை முதன்முதலாக முழுசாக வாசித்து வெளியிட்டார்கள். அன்றைக்கு அது பெரிய குழுவின் வேலை. இன்றைக்கு அந்த மாதிரி வேலைக்குக் கையில் அடங்கும் கருவிகூட வந்துவிட்டது.

இனி நான் சிரித்ததற்காக ஏன் வருத்தப்பட்டேன் என்று சொல்கிறேன். நான் எட்டாவது படிக்கும்போது, ராஜபாளையத்தில் மலையடிவாரத்தில் இருக்கும் எங்க பெரியப்பா மாந்தோப்பில் சப்பட்டை மாம்பழ சீசன். காவலுக்குப் படுத்திருந்த தாத்தா காலையில் என்னைக் கூப்பிட்டு, கரண்டுக் கம்பிக்குக் கீழே செத்துக் கிடந்த ஒரு பறக்கும் அணிலைக் காட்டினார். அவ்வளவு மெத்தென்ற தோல்! பாவமாக இருந்தது. வாய்க்கால் ஓரத்தில் குழி தோண்டிப் புதைத்து, மேலே இரண்டு செம்பருத்திப் பூ வைத்தோம். அது பெரிய வகையா, திருவிதாங்கூர் வகையா, இன்றுவரை எனக்குத் தெரியாது. இனிமேல் தெரியப்போவதும் இல்லை. அந்த இருபத்தொரு பக்க நோட்டைப் படிக்காமலேயே மண்ணுக்குள் போட்டுவிட்டோம்.

என்ன செய்திருக்க வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, செத்துக் கிடந்தாலும் காட்டு விலங்கு அரசாங்கச் சொத்து. நம் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் போலீஸ் ஸ்டேஷனிலோ வனத்துறையிலோ சொல்ல வேண்டும். தொடாமல், கிடந்த இடத்தையும் தேதியையும் குறித்துக்கொண்டு சொன்னாலே போதும்.

இப்போது என் நண்பனின் கட்சிக்கு வருகிறேன். "அந்தக் காசில் நாலு மரம் நடலாமே, வேட்டைத் தடுப்புக் காவலருக்கு நல்ல டார்ச் வாங்கித் தரலாமே" என்றான். நியாயம்தான். எழுத்தை வாசிப்பதால் மட்டும் ஒரு மரம்கூட முளைக்காது. பொந்துள்ள பழைய மரம் இல்லாவிட்டால் ஜாதகம் இருந்து என்ன பயன்? அது மட்டுமா, மைட்டோகாண்ட்ரியா அம்மா வழிக் கதையை மட்டும்தான் சொல்லும். அப்பா வழி தெரிய உட்கருவையும் பார்க்க வேண்டும். இதையெல்லாம் நான் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். நம்ம மலையில் 1988ல் சரணாலயம் வந்தது எதன் பெயரில்? நரை அணிலின் பெயரில்! அந்த அணிலுக்கு ஒரு பெயர் இருந்தது, அது எங்கே இருக்கிறது, எவ்வளவு அபூர்வம் என்று யாரோ எழுதி வைத்திருந்தார்கள். அதனால்தான் காப்பாற்ற முடிந்தது. அந்தக் காடுதான் 2021ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாக ஆனது. அணிலுக்காகக் காத்த காட்டில் இன்றைக்குப் புலிக்கும் இடம் இருக்கிறது. பெயர் தெரியாத பிராணிக்கு யாரும் சரணாலயம் கேட்கப் போவதில்லை.

வேட்டையைத் தடுக்கவும் இது உதவுகிறது. ஹைதராபாத்தில் சி.சி.எம்.பி. ஆய்வகத்தில் சுனில் குமார் வர்மா, லால்ஜி சிங் ஆகியோர், மைட்டோகாண்ட்ரியாவின் ஒரு மரபணுத் துண்டை வைத்தே இறைச்சி எந்தப் பிராணியுடையது என்று சொல்லும் முறையை 2003ல் வெளியிட்டார்கள். "இது முயல் கறிங்க" என்று பொய் சொன்னால் துண்டு காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க அசல் எழுத்து முதலிலேயே பதிவாகி இருக்க வேண்டுமே! டார்ச் அடித்துப் பிடிப்பவருக்கும், கோர்ட்டில் நிரூபிப்பவருக்கும் அந்த நோட்டு வேண்டும்.

ராஜபாளையம் நாய்க்குத் தபால் தலை வந்தபோது (2005) நம் ஊருக்கே பெருமையாக இருந்தது என்று அப்பா சொல்வார். வீட்டு நாயின் தாய் யார், தகப்பன் யார் என்று நாம் அத்தனை கேள்வி கேட்டுத்தானே வாங்குகிறோம்? வீட்டு வாசலில் இருக்கும் நாய்க்குக் கேட்கிற கேள்வியை, மலையில் இருக்கும் அணிலுக்கும் ஒருமுறை கேட்டால் என்ன தப்பு?

நண்பர்களே, நமக்கு லேப் இல்லை, கருவி இல்லை. கண் இருக்கிறது, நோட்டு இருக்கிறது. தோப்பிலோ, அய்யனார் கோயில் போகிற வழியிலோ பறக்கும் அணிலை உயிரோடோ செத்தோ பார்த்தால் தேதி, நேரம், இடம் எழுதி வையுங்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். என்னை மாதிரிப் பூ வைத்துப் புதைத்துவிடாதீர்கள்!

பின் பெஞ்ச் நண்பா, அணிலுக்கு ஜாதகம் எதுக்குன்னு கேட்டாய். கல்யாணத்துக்கு இல்லப்பா. அது இருக்குன்னு நாலு பேருக்குத் தெரியணும், அதுக்குத்தான்!

– பதினோராம் வகுப்பு, உயிரியல் பிரிவு