ஏமாந்தவருக்கும் பொறுப்பு உண்டு

"ஏமாற்றியது ஃபோக்ஸ்வாகன், காரை வாங்கியவர் ஏன் பணிமனைக்கு அலைய வேண்டும்?" என்று கேட்கிறார்கள். 2015 செப்டம்பரில் மோசடி வெளிவரும் வரை நடந்ததற்கு அது நியாயமான கேள்வி. சோதனைக்கூடத்தில் மட்டும் டீசல் கார்களின் புகை வரம்புக்குள் இருக்கும்படி மென்பொருள் எழுதியது நிறுவனம்தான். சாலையில் அதே கார்கள் அமெரிக்க வரம்பைப்போல 40 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடைக் கக்கியது உரிமையாளருக்குத் தெரியாது. தெரிந்த பிறகு? ஜெர்மனியில் அந்த மென்பொருளைத் திருத்துவது கட்டாயமாக்கப்பட்டது, செலவு நிறுவனத்துடையது. அப்படியும், இழுவை குறையும், டீசல் அதிகம் குடிக்கும் என்று சிலர் வண்டியை விடவே இல்லை. இழப்பீடு கேளுங்கள், வழக்குப் போடுங்கள். நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் புகைக்குழாய் உயரத்தில் மூச்சுவிடும் தள்ளுவண்டிக் குழந்தை உங்களை ஏமாற்றவில்லையே! திருத்தாத கார்கள் சாலையில் ஓட 2018இல் ஜெர்மன் அதிகாரிகள் தடை விதித்தது சரியான முடிவு.