கடைசிப் பாத்தியும் நனைய வேண்டும்

2024 மார்ச்சில் பெங்களூர் குடிநீர் வாரியம் கார் கழுவவும் தோட்டத்துக்கும் குடிநீரைப் பயன்படுத்தத் தடை விதித்தது. மீறினால் ரூ. 5,000 அபராதம். கார் அழுக்காகவே ஓடும். கத்தரிச் செடி காத்திருக்காது. அதற்குக் கிடைப்பது மழைநீர்த் தொட்டியில் மிஞ்சியதும் சுத்திகரித்த கழிவுநீரும்தான். அதைச் சொட்டுச் சொட்டாக விட்டால் செடி பிழைத்துவிடும். ஆனால் தொட்டியில் ஒரு குழாயை மாட்டி, தோட்டம் முழுக்கப் பாம்பாக நெளியவிட்டால் முதல் பாத்தி சேறாகும், கடைசிப் பாத்தி காயும்.

காரணம், அழுத்தம். 4 லிட்டர் என்று விற்கப்படும் சாதாரண சொட்டுவான், தண்ணீர் 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் மணிக்கு 4 லிட்டர் தரும். இரண்டரை மீட்டர் உயரத் தொட்டியில் 2 லிட்டர்தான். அதில் கெடுதல் இல்லை, எல்லாச் சொட்டுவானும் அதையே தந்தால். அழுத்தத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் விலை உயர்ந்த சொட்டுவான்களை வாங்கி ஏமாற வேண்டாம். இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் அவை பெரும்பாலும் வேலை செய்யாது.

குழாயைப் போடும் விதத்தில்தான் தீர்வு. தடித்த பிரதானக் குழாய் பாத்திகளின் தலைமாட்டில் போகாமல் நடுவில் போகட்டும். இருபுறமும் பிரியும் கிளைக் குழாய்க்குப் பாதி நீளம், பாதி நீர். உராய்வில் இழக்கும் அழுத்தமோ பாதியைவிட மிகக் குறைவு. நான்கடி அகலப் பாத்திக்கு மூன்று கிளைகள், செம்மண்ணில் அடிக்கு ஒரு சொட்டுவான். பத்தடி நீளமென்றால் 30 சொட்டுவான்கள், மணிக்கு 60 லிட்டர். கோடையில் நாளுக்கு இருபது நிமிடம் ஏறக்குறையப் போதும்.

சரிவை மறப்பவர்களே அதிகம். ஒரு மீட்டர் தாழ்ந்த பாத்திக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகப் பாயும். கிளைக் குழாய்கள் சரிவுக்குக் குறுக்கே கிடக்க வேண்டும். பாத்திக்கு ஒரு வால்வு. கழிவுநீரோ போர்வெல் நீரோ, சல்லடை வடிகட்டி இல்லாமல் திறக்கக் கூடாது.

பிறகு டம்ளர் சோதனை. முதல், நடு, கடைசிச் சொட்டுவான்களின் கீழே ஆளுக்கொரு டம்ளர், ஆறு நிமிடம். ஒவ்வொன்றிலும் 200 மி.லி. அளவில் இருக்க வேண்டும். கடைசியில் 150 தான் என்றால் குழாய் முனையின் மூடியைக் கழற்றி அடைப்பை வெளியேற்றிவிட்டு மறுபடி பிடித்துப் பார்க்கலாம். அப்போதும் ஏறவில்லையா? அந்தக் கிளை நீளம் அதிகம். வெட்டிக் குறைக்க வேண்டியதுதான்.