பாஸ்கல் சக்கரமும் பக்கத்து வீட்டுப் பெண்ணின் நோட்டும்

கணக்கு மென்பொருள் சரியாக இருக்கிறதா என்று அதை வாங்கிய முதலாளியைக் கேட்டுப் பயனில்லை. மாதக் கடைசியில் அதன்முன் உட்காரும் எழுத்தரைக் கேளுங்கள்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோது பாஸ்கல் கதை சொல்வார்கள். ரூவான் நகரில் வரி அதிகாரியான தகப்பனாரின் கூட்டல் சுமை குறைய, 1642-இல் கணக்கு இயந்திரம் செய்யத் தொடங்கினார். அப்போது 12 தெனியே ஒரு சோல், 20 சோல் ஒரு லீவ்ர். (நம் தம்படி, அணா மாதிரிதான்!) சக்கரங்களிலும் அப்படியே 12 பிரிவு, 20 பிரிவு வைத்தார். எழுத்தர் எண்ணுகிற வழிக்கு இயந்திரம் வளைந்தது.

இங்கே தலைகீழ். எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் பெருங்களத்தூர் பக்கம் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறாள். வவுச்சரில் ஓர் எண் தவறினால் முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டுமாம். அதனால் முதலில் 40 பக்க நோட்டில் எழுதி, கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் கம்ப்யூட்டரைத் தொடுகிறாள்.

"திருப்தியா என்று படிவம் கொடுத்தார்களே, என்னம்மா எழுதினாய்?" என்றேன்.

"'நன்று'னு டிக் பண்ணிட்டேன் தாத்தா. மேனேஜர் பார்ப்பாரே."

படிவத்தை விடுங்கள். மென்பொருள் எழுதுகிறவர்கள் அந்த 40 பக்க நோட்டை ஒரு நாள் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும்.