சம்பளமும் இல்லை, சிபிலும் இல்லை: மாணவர்கள் முதல் கிரெடிட் கார்டை எப்படித் தேர்வு செய்வது?

பாரத ஸ்டேட் வங்கியில் வேலைக்குத் தேர்வான ஒருவரின் நியமனம், மோசமான கடன் வரலாறு காரணமாக ரத்து செய்யப்பட்டது. அந்த முடிவு சரியே என்று 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. கார்டு பாக்கி என்பது வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான விஷயம் மட்டுமல்ல, வேலை வரைக்கும் அது துரத்தும் என்பதை இந்த வழக்கு காட்டியது. கல்லூரியில் படிக்கும்போதே கிரெடிட் கார்டு வாங்க நினைப்பவர்கள், கேஷ்பேக் எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஸ்கோர் இல்லை என்றால் கெட்ட ஸ்கோரா?

இல்லை. சிபில் ஸ்கோர் 300-ல் தொடங்கி 900 வரை போகும். இதுவரை கடனே வாங்காதவருக்கு எண்ணே இருக்காது. அறிக்கையில் ‘என்.ஹெச்.’ அல்லது ‘மைனஸ் 1’ என்று வரும். இதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. வரலாறு இன்னும் எழுதப்படவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம்.

கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல்முறை கடன் கேட்பவரை நிராகரிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருப்பதாக, 2025 ஆகஸ்டில் மத்திய நிதித்துறை இணை அமைச்சர் பங்கஜ் சவுத்ரி நாடாளுமன்றத்தில் தெரிவித்தார்.

இன்னொன்று: கல்விக் கடன் வாங்கிப் படிக்கும் மாணவர்களுக்கு ஏற்கெனவே கடன் வரலாறு தொடங்கியிருக்கும். அந்தக் கடன் மாணவர் பெயரிலும்தான் பதிவாகிறது.

அப்படியென்றால் வங்கி கார்டு கொடுத்தே ஆக வேண்டுமா?

அதுவும் இல்லை. “சம்பள சிலிப் இருக்கா தம்பி?” என்று கேட்க வங்கிக்கு உரிமை உண்டு. திருப்பிக் கட்டும் திறனைப் பார்த்து முடிவெடுப்பது வங்கியின் பொறுப்பு. 2023 நவம்பரில், கிரெடிட் கார்டு கடன்களுக்காக வங்கிகள் ஒதுக்க வேண்டிய மூலதனத்தை ரிசர்வ் வங்கி கூட்டியது. இதற்கான ‘ரிஸ்க் வெயிட்’ 125 சதவீதத்திலிருந்து 150 சதவீதமாக உயர்ந்தது. அதனால், வருமானம் இல்லாதவருக்கு ஈடு இல்லாமல் கார்டு கிடைப்பது கஷ்டம்தான்.

மாணவர்களுக்கு என்ன வழி?

பெரும்பாலும் எஃப்.டி. கார்டுதான். வங்கியில் ஒரு வைப்புத்தொகை போட வேண்டும். அதை ஈடாக வைத்துக்கொண்டு, அதில் பெரும்பகுதியை லிமிட்டாகக் கொடுப்பார்கள். எஃப்.டி.க்கு வட்டியும் வரும். சம்பளச் சான்று பொதுவாகத் தேவைப்படாது. ஆனால் கார்டு இருக்கும்வரை அந்தப் பணத்தை எடுக்க முடியாது. எனவே செமஸ்டர் ஃபீஸுக்கு வைத்திருக்கும் பணத்தை இதில் போடக் கூடாது.

அப்பா, அம்மா கார்டிலேயே ‘ஆட்-ஆன்’ கார்டு வாங்குவது இன்னொரு வழி. செலவுக்கு அது உதவும். ஆனால் பாக்கிக்கு முழுப் பொறுப்பு முதன்மை அட்டைதாரருக்குத்தான். மாணவருக்கென்று தனி வரலாறு உருவாக அதை நம்ப முடியாது.

எதைப் பார்த்துத் தேர்வு செய்வது?

விண்ணப்பத்துடன் ஒரு பக்க முக்கியத் தகவல் அறிக்கையைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2022 விதி. அதில் பார்க்க வேண்டியவை:

* ஆண்டுக் கட்டணம் உண்டா? முதல் வருடம் மட்டும் இலவசமா, எப்போதும் இலவசமா?
* மாத வட்டி எவ்வளவு? மாதம் 3.5 சதவீதம் என்பது கேட்கச் சின்னதாக இருக்கும். வருடத்துக்கு அது 42 சதவீதம்.
* தாமதக் கட்டணமும், பணம் எடுக்கும் கட்டணமும் எவ்வளவு? ஏ.டி.எம்.மில் கார்டைப் போட்டுப் பணம் எடுத்தால் அன்றிலிருந்தே வட்டி ஓடும்.
* எஃப்.டி.யை உடைக்க, கார்டை மூட என்ன நிபந்தனை?

ரிவார்டு பாயின்ட்டுகள் இதற்கெல்லாம் பிறகுதான். மாதம் 3,000 ரூபாய் செலவு செய்பவருக்கு 1 சதவீத கேஷ்பேக் கிடைத்தால் 30 ரூபாய். ஒருமுறை தாமதமாகக் கட்டினாலே பல மாத கேஷ்பேக் போய்விடும்.

‘மினிமம்’ மட்டும் கட்டினால் என்ன ஆகும்?

10,000 ரூபாய் பில்லுக்கு, குறைந்தபட்சத் தொகையாக 500 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மீதி 9,500 ரூபாய்க்கு மாதம் 3.5 சதவீத வட்டி சுமார் 332 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சுமார் 60 ரூபாய். அடுத்த மாதமும் 500 ரூபாயே கட்டினால், அதில் சுமார் 390 ரூபாய் வட்டிக்கும் வரிக்குமே போய்விடும். கடன் குறைவது 110 ரூபாய்தான். பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காது.

வட்டிக்கு உச்சவரம்பு இல்லையா என்றால், கார்டு பாக்கிக்கு ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது என்ற தேசிய நுகர்வோர் ஆணையத்தின் 2008 உத்தரவை, 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

எஃப்.டி. கார்டுதானே, கட்டாவிட்டால் டெபாசிட்டில் எடுத்துக்கொள்வார்கள் என்று சும்மா இருந்துவிடவும் முடியாது. பணம் பிடிக்கப்பட்டாலும், தாமதம் கடன் அறிக்கையில் பதிவாகிவிடும்.

கார்டு வாங்கிய பிறகு?

லிமிட்டில் 30 சதவீதத்துக்குள் செலவை நிறுத்திக்கொள்வது நல்லது என்பது பொதுவான கணக்கு. லிமிட் 12,000 என்றால் 3,600 ரூபாய். முழு பில்லும் தானாகக் கட்டப்படும்படி ‘ஆட்டோ பே’ போட்டுவிடலாம். கணக்கில் பணம் இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய 4 நிறுவனங்களிடமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகப் பெறலாம்.

கார்டு வேண்டாம் என்றால், பாக்கியைக் கட்டிவிட்டு மூடச் சொல்லலாம். 7 வேலை நாட்களுக்குள் மூடாவிட்டால், மூடும்வரை நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்கு வங்கி தர வேண்டும். கேட்காமலே கார்டு அனுப்புவதும் விதிமீறல்தான்.

மாதா மாதம் கைக்கு வரும் பணத்தில் முழு பில்லையும் கட்ட முடியுமா என்பதே மாணவர்கள் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. முடியாது என்றால், வேலைக்குப் போகும்வரை யு.பி.ஐ.யும் டெபிட் கார்டுமே போதும். ஸ்கோர் இல்லாமல் முதல் வேலைக்குப் போவது, கெட்டுப்போன ஸ்கோரோடு போவதைவிட எவ்வளவோ மேல்.