டூர் போறதுக்கும் ஒரு டிகிரியா?

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்தபோது மாமா கேட்டார். "பி.காம். முடியப் போவுதே, அடுத்து என்ன தம்பி?"

உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். "எம்.பி.ஏ. சுற்றுலா, மாமா. காலாப்பட்டுல, புதுவைப் பல்கலைக்கழகத்துல அதுக்குன்னே ஒரு துறை இருக்கு."

"டூர் போறதுக்கு எதுக்குடா டிகிரி? பஸ்ல ஏறினா போதாதா?"

பக்கத்தில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். எனக்கு எப்போதுமே பதில் ரசம் வரும்போதுதான் தோன்றும். அதற்குள் மாமா பாயசத்துக்குப் போய்விட்டிருந்தார். அவரிடம் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மாமாவுக்குத் திருநள்ளாறில் கடை. எள் பொட்டலம், நல்லெண்ணெய், அர்ச்சனைத் தட்டு. ஒரு வாரத்து வியாபாரத்தை சனிக்கிழமை ஒரே நாளில் பார்த்துவிடுவார். அவர் வீட்டில் இரண்டு பிள்ளைகள் படித்தது வெளியூர்க்காரர்கள் பஸ் ஏறி வந்ததால்தான். ஆனால் அவரைக் கேட்டால் தான் சுற்றுலாத் தொழிலில் இருப்பதாகச் சொல்லவே மாட்டார். "நான் கடை வச்சிருக்கேன்" என்பார்.

நம் ஊரில் எல்லோருக்குமே இப்படித்தான். சுற்றுலா என்றால் நாம் கிளம்பிப் போவது, ஊட்டி, கொடைக்கானல், கழுத்தில் கேமரா. நம்மிடம் வருகிறவர்கள் நினைவுக்கே வருவதில்லை. அந்தப் படிப்போ பெரும்பாலும் வருகிறவர்களைப் பற்றியது. எத்தனை பேர் வருகிறார்கள், எங்கே நிற்பார்கள், எங்கே ஒண்ணுக்குப் போவார்கள் (சிரிக்காதீர்கள், அதுதான் முதல் கேள்வி), எவ்வளவு செலவழிப்பார்கள், அந்தக் காசு ஊரில் தங்குகிறதா என்பதெல்லாம் அதில் வரும்.

அந்தப் பாடப் புத்தகம் ஒன்றைச் சும்மா புரட்டியபோது முதல் அத்தியாயத்திலேயே மாட்டிக்கொண்டேன். உலக அளவில் புள்ளிவிவரம் எடுக்கும்போது, போன ஊரில் ஒரு ராத்திரியாவது தங்குகிறவர்தான் சுற்றுலாப் பயணி. தங்காமல் அன்றைக்கே திரும்புகிறவருக்கு 'ஒரு நாள் வருகையாளர்' என்று வேறு பெயர். படித்ததும் எனக்குத் திருநள்ளாறுதான் கண்ணில் நின்றது. விடியற்காலையில் வேன் வந்து நிற்கும். நளதீர்த்தத்தில் எண்ணெய் தேய்த்து ஒரு முழுக்கு. சனீஸ்வரன் சந்நிதி வரிசை. தரிசனம் முடிந்து வெளியே வந்து நாலு இட்லி. வேன் கும்பகோணத்துக்கோ நாகூருக்கோ வேளாங்கண்ணிக்கோ கிளம்பிவிடும். கணக்குப்படி இவர்களில் பெரும்பாலோர் சுற்றுலாப் பயணிகளே இல்லை. அவர்கள் நமக்கு விட்டுப் போவது நாலு இட்லிக் காசும் ஒரு ஈரத் துணியும்.

ஈரத் துணி என்று சும்மா சொல்லவில்லை. முழுகி எழுந்ததும் உடுத்தியிருந்ததை அங்கேயே விட்டுவிட்டால் பீடையும் அதோடு போய்விடும் என்று நம்பிக்கை. அவர்கள் பீடை அவர்களோடு போகட்டும், சந்தோஷம். அந்தத் துணியை அள்ளுகிறவர் யார், அது எங்கே போகிறது என்று யோசித்திருக்கிறோமா? நம்பிக்கையில் கை வைக்காமல் குளத்தைச் சுத்தமாக வைப்பது எப்படி? இதற்கு எந்த பி.காம். பாடத்திலும் விடை இல்லை.

இன்னொன்று. கூட்டம் எப்போது வரும் என்று தெரியாமல் உலகம் முழுக்க ஓட்டல்காரர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். நமக்கு அதைப் பஞ்சாங்கமே எழுதிக் கொடுத்துவிடுகிறது! சனிப்பெயர்ச்சி இரண்டரை, மூன்று வருடங்களுக்கு ஒருமுறை. 2017 டிசம்பர் 19, 2020 டிசம்பர் 27 (அது கொரோனாக் கட்டுப்பாடுகளோடு), 2023 டிசம்பர் 20. தேதி பல வருடங்களுக்கு முன்பே தெரியும். இருந்தும் ஒவ்வொரு தடவையும் மூங்கில் கட்டுகிற வேலை கடைசி வாரத்தில்தான் மும்முரமாக நடக்கிற மாதிரி எனக்குத் தோன்றுகிறது.

திருநள்ளாறிலிருந்து ஐந்தே கிலோமீட்டரில் காரைக்கால். இங்கே பாரதியார் வீதியில் அம்மையார் கோயில் இருக்கிறது. ஆனிப் பௌர்ணமியில் மாங்கனித் திருவிழா, பிச்சாடனர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்தும் மாம்பழம் பறக்கும். ஒரு ஊரே கூடி மாம்பழத்தை வாரி இறைத்து விருந்தோம்பலைக் கொண்டாடும் விழா இது. (கயிலாயத்துக்குப் போய் அந்த மலையில் தலையாலேயே நடந்த பெண் அவர். பயணத்தைப் பற்றிப் பேச நம் ஊருக்கு இல்லாத தகுதியா?) அரசலாறு கடலில் சேருகிற இடத்தில் கடற்கரை, மஸ்தான் சாகிப் தர்கா, தேற்றரவு அன்னை ஆலயம், பிரெஞ்சுக்காரர்கள் 1954 வரை ஆண்ட அடையாளங்கள், வடக்கே கொஞ்ச தூரத்தில் தரங்கம்பாடியில் 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை. வேன்காரருக்கு இதெல்லாம் தெரியாது. நாமும் சொல்லவில்லை. தெரிந்த ஒன்று, இங்கே சரக்கு விலை குறைவு என்பது. அதற்காக வருகிற கூட்டத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், மறைத்து என்ன ஆகப் போகிறது.

1975-ல் டாக்ஸி என்பவர் உள்ளூர்க்காரர்களின் மனநிலையை நாலு படியாகப் பிரித்தார். முதலில் வருகிறவர்களைப் பார்த்துச் சந்தோஷம், பிறகு கண்டுகொள்ளாமை, பிறகு எரிச்சல், கடைசியில் பகை. என் அத்தை வீடு தேரோடும் வீதிக்குப் பக்கம். சனிக்கிழமை வாசலில் வண்டியை நிறுத்துகிறவர்களிடம் அத்தை பேசுகிற தொனியைக் கேட்டால் மூன்றாவது படியைத் தாண்டியாயிற்று என்பேன் :-)

விளையாட்டுப் படிப்பையும் இப்படித்தான் கேலி செய்திருப்பார்கள். சென்னையில் ஹாரி பக் 1920-ல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியபோது, "பந்து விளையாட காலேஜா?" என்று ஒரு மாமா கட்டாயம் கேட்டிருப்பார். இன்றைக்குத் தமிழ்நாட்டில் அதற்கென்று ஒரு பல்கலைக்கழகமே இருக்கிறது.

நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு குதிக்கவில்லை. வேறொரு ஊரில் இந்தப் படிப்பை முடித்த அக்கா ஒருவரிடம் பேசினேன். விமான டிக்கெட் போடுகிற மென்பொருளை மாதக்கணக்கில் சொல்லிக் கொடுத்தார்களாம், கோயில் திருவிழாக் கூட்டம் பற்றி ஒரு வகுப்புகூட இல்லையாம். இந்தியாவில் கோயிலுக்கும் தர்காவுக்கும் மாதா கோயிலுக்கும் போகிறவர்கள் எத்தனை பேர், விமானம் ஏறுகிறவர்கள் எத்தனை பேர்? முதல் சம்பளத்தையும் அக்கா சொன்னார். அதை அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. அப்பாவுக்கு நான் பேங்க் பரீட்சை எழுத வேண்டும். அவர் பயத்திலும் நியாயம் இருக்கிறது. கடன் வாங்கித்தான் என்னைப் படிக்க வைக்கிறார்.

அதனால் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். வருகிற நாலு சனிக்கிழமையும் மாமா கடை வாசலில் நோட்டோடு உட்கார்ந்து வருகிறவர்களைக் கேட்கப் போகிறேன். எந்த ஊர், ராத்திரி தங்குவீர்களா, தங்காவிட்டால் ஏன்? அந்தக் கணக்கைத்தான் அப்பா முன்னால் வைக்கப் போகிறேன். மாமாவிடம் அனுமதி கேட்டேன்.

"ஸ்டூல் போட்டுத் தர்றேன், உக்காந்துக்க. அப்படியே கல்லாவையும் பாத்துக்க" என்றார்.