ஐஸ் ஹாக்கி 'பக்' ஏன் ரப்பரில் செய்யப்படுகிறது? ஃப்ரீசரில் வைத்தால் மட்டும் போதுமா?

ஐஸ் ஹாக்கி வீடியோ ஒன்றாவது உங்கள் ஃபோனில் வந்து போயிருக்கும். வீரர்கள் மோதிக்கொள்வார்கள், கூட்டம் கத்தும். ஆனா எதுக்காக இந்த அடிதடின்னு மட்டும் சட்டுனு கண்ணுக்குத் தெரியாது. அந்தச் சின்னக் கறுப்பு வட்டின் பெயர்தான் 'பக்'.

விட்டம் 3 அங்குலம், தடிமன் 1 அங்குலம், எடை 156 முதல் 170 கிராம். கிட்டத்தட்ட ஒரு கிரிக்கெட் பந்தின் எடை. செய்யப்படுவது ரப்பரில்.

ஏன் தட்டை, ஏன் ரப்பர்?

1875 மார்ச் 3 அன்று கனடாவின் மான்ட்ரியல் நகரில், விக்டோரியா ஸ்கேட்டிங் ரிங்க்கில் ஓர் உள்ளரங்கப் போட்டி நடந்தது. அதில் பந்துக்குப் பதிலாகத் தட்டையான மர வட்டு பயன்படுத்தப்பட்டது. பந்து எகிறிப் போய்ப் பார்வையாளர்கள் மேல் விழக் கூடாது என்பதுதான் காரணம். இந்த விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில் தேவைப்படும்.

மரம் அடி வாங்கி வாங்கி உடையும். ரப்பர் உடையாது. ஆனால் சாதா ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைத்து வெடிக்கும். அதைக் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால், உள்ளே இருக்கும் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து உறுதியாகும். சார்லஸ் குட்இயர் 1839-ல் கண்டறிந்த இந்த முறைக்குத்தான் 'வல்கனைசிங்' என்று பெயர். கூடவே கரிப்பொடியும் சேர்ப்பார்கள். தேய்மானம் குறையும்; வெள்ளைப் பனியில் கறுப்பு பளிச்சென்று தெரியவும் செய்யும்.

ஃப்ரீசர் எதுக்கு?

ரப்பர்னா துள்ளத்தானே செய்யும்? அதனால்தான் போட்டிக்கு முன்பு பக்கை உறைய வைக்கிறார்கள். குளிரில் ரப்பர் இறுகி, துள்ளல் குறைந்து, பனியில் வழுக்கிக்கொண்டு ஓடும். ஆட்டத்தின் நடுவே சூடேறினால் வேறு பக் வரும். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கான என்ஹெச்எல், சூடேறினால் ஊதா நிறம் மங்கிவிடும் பூச்சைக்கூடப் பக்கில் பூசியிருக்கிறது.

புதுசு புதுசாகச் செய்து சூடுபட்டதும் உண்டு. 1996-ல் ஃபாக்ஸ் தொலைக்காட்சி பக்கை வெட்டி, உள்ளே பேட்டரியும் சர்க்யூட்டும் வைத்து, திரையில் நீல ஒளி சூழ அதைக் காட்டியது. ரசிகர்கள் பலர் கிண்டலடித்தார்கள். 1998-க்குப் பிறகு அது காணாமல் போனது. 2021 தொடக்கத்தில் வந்த சென்சார் பக், சறுக்கல் சரியில்லை என்று சில நாட்களிலேயே தற்காலிகமாக விலக்கப்பட்டது. பக்கின் குணம் லேசாக மாறினாலும் வீரர்களின் கைக்குத் தெரிந்துவிடும்.

ஆனால், ரப்பரால் முடியாதது ஒன்று இருக்கிறது

தட்டையாக இருப்பதால் பக் தரையிலேயே கிடக்கும் என்பது 1875-ன் நம்பிக்கை. இன்று வீரர்கள் வளைந்த மட்டையால் அதைத் தூக்கி அடிக்கிறார்கள். 2012-ல் என்ஹெச்எல் திறன் போட்டியில் ஸ்டெனோ சாரா அடித்த அடியின் வேகம் மணிக்கு சுமார் 175 கி.மீ. அப்படிப் பறக்கும்போது, ஃப்ரீசரில் இறுகிய ரப்பர் கிட்டத்தட்ட ஒரு கல்தான்.

2002 மார்ச்சில் அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில், கேலரியில் உட்கார்ந்திருந்த 13 வயதுச் சிறுமி மீது திசைமாறி வந்த பக் பட்டது. இரண்டு நாளில் அவர் இறந்துபோனார். அதன் பிறகுதான், அடுத்த சீசனிலிருந்து, கோல் பகுதிகளுக்குப் பின்னால் பாதுகாப்பு வலை கட்டாயம் என்றது லீக்.

இங்கேதான் எனக்குக் கேள்வி. பக்கின் துள்ளலைக் குறைக்க ஃப்ரீசர் வைக்கத் தெரிந்தவர்களுக்கு, வலை கட்ட ஏன் ஒரு உயிர் போக வேண்டியிருந்தது? 'வலை பார்வையை மறைக்கும்' என்ற முணுமுணுப்பு அப்போது எழுந்தது. கொஞ்ச நாளில் கண்ணுக்குப் பழகியும் போனது.

பார்வையாளரைக் காப்பாற்றத்தான் பந்து வட்டாக மாறியது. ஆட்டம் வேகமெடுத்த பிறகு, அந்தப் பொறுப்பை இன்னமும் வட்டின் தலையிலேயே கட்டுவது நியாயமில்லை. பெரிய லீக்கோ, பள்ளிப் பிள்ளைகள் ஆடும் சின்ன அரங்கமோ, பனித்தளம் போடும்போதே வலைக்கான செலவையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். யாருக்காவது அடிபட்ட பிறகு பாத்துக்கலாம்னு விடுற விஷயம் இல்லை இது.