பயணம் போனால் பிரெஞ்சு வந்துவிடுமா?

கோடை விடுமுறைக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. அதற்குள் பள்ளி அலுவலக மேசைகளில் பயண நிறுவனங்களின் பளபளப்பான தாள்கள் குவியத் தொடங்கிவிட்டன. இரண்டு வாரம் பிரான்ஸ். காலையில் மொழி வகுப்பு, பிற்பகலில் ஈஃபில் கோபுரம், லூவர், ஒரு நாள் டிஸ்னிலேண்ட், கடைசியில் ஒரு சான்றிதழ். கட்டணம் லட்சங்களில். பெற்றோர் நம்மிடம் கேட்பது ஒன்றுதான்: "போய்ட்டு வந்தா பிள்ளைக்கு பிரெஞ்சு வந்துடுமா மேடம்?" பதில் சொல்ல வேண்டிய நாம் "நல்ல அனுபவமா இருக்கும்" என்று மழுப்பிவிட்டு நகர்கிறோம். கடன் வாங்கிப் பணம் கட்டுகிறவர்களுக்கு இந்தப் பதில் போதாது.

மொழிக்காக மாணவர்களைக் கடல் கடந்து கூட்டிக்கொண்டு போவது ஒரு நூற்றாண்டுப் பழக்கம். அமெரிக்காவின் டெலாவேர் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு கற்பித்த ரேமண்ட் கிர்க்பிரைடு 1923 ஜூலையில் எட்டு மாணவர்களுடன் பிரான்சுக்குக் கப்பலேறினார். அமெரிக்கக் கல்லூரிகளில் பிறகு பரவிய 'வெளிநாட்டில் ஓராண்டு' என்ற ஏற்பாட்டுக்கு அதுவே தொடக்கம். மாணவர்களை நேரே சோர்போனுக்குக் கொண்டுபோய் அவர் உட்காரவைக்கவில்லை. முதலில் நான்சி நகரில் கோடைக்கால மொழிப் பயிற்சி. அதன் பிறகே பாரிஸ். இன்றைய இரண்டு வாரத் திட்டங்களில் நான்சி காணாமல் போய்விட்டது, பாரிஸ் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

நம் துறையினர் அனைவரும் ஒரு முறையாவது படித்திருக்க வேண்டிய ஆய்வு ஒன்று உண்டு. பார்பரா ஃப்ரீட், நார்மன் செகலோவிட்ஸ், டான் டூயி ஆகிய மூவரும் 2004இல் வெளியிட்டது. பிரெஞ்சு பயின்ற 28 அமெரிக்க மாணவர்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு சாரார் வழக்கமான கல்லூரி வகுப்பில் படித்தவர்கள். இன்னொரு சாரார் பாரிஸில் ஒரு பருவம் தங்கிப் படித்தவர்கள். மூன்றாம் சாரார் அமெரிக்காவை விட்டு நகராமல், 'பிரெஞ்சு தவிர வேறு மொழி பேசமாட்டோம்' என்ற கட்டுப்பாட்டுடன் ஒரு கோடைக்கால முகாமில் தங்கியவர்கள். பேச்சின் சரளத்தில் யார் அதிகம் முன்னேறினார்கள்? முகாமில் இருந்தவர்கள். பாரிஸ் போனவர்கள் இரண்டாம் இடம்தான். காரணமும் ஆய்விலேயே இருக்கிறது. வகுப்புக்கு வெளியே எந்த மொழியை எவ்வளவு நேரம் பயன்படுத்தினீர்கள் என்று கேட்டபோது, முகாம் மாணவர்கள் மற்ற இரு சாராரையும் விடப் பிரெஞ்சில் கூடுதலாகப் பேசியதும் எழுதியதும் தெரிந்தது. பாரிஸில் இருந்தவர்களோ பிரெஞ்சைவிட ஆங்கிலத்தையே அதிகம் பயன்படுத்தியிருந்தார்கள். 28 பேரைக் கொண்டு உலகத்துக்கே விதி எழுத முடியாதுதான். ஆனாலும் ஆசிரியராகக் குழுவோடு போய்வந்த யாருக்கும் இந்த முடிவு வியப்பளிக்காது.

பாரிஸில் ஒரு ரொட்டிக் கடை வாசலைப் பாருங்கள். ஒரே பள்ளியிலிருந்து வந்த இருபது பிள்ளைகள் நிற்கிறார்கள். அவர்களில் நன்றாகப் படிக்கும் ஒருத்தி எல்லோரிடமும் சில்லறை வாங்கிக்கொண்டு உள்ளே போகிறாள். "போன்ழூர்" சொல்லி, பத்து குரோசான், ஆறு பெண் ஓ ஷொக்கோலா, நான்கு பகெத் சாண்ட்விச் என்று ஒப்பித்து வாங்கிவருகிறாள். மற்ற பத்தொன்பது பேருக்கும் அன்றைய காலைச் சிற்றுண்டி ஒரு பிரெஞ்சுச் சொல் கூடப் பேசாமலே கிடைத்துவிடுகிறது. மெட்ரோ சீட்டை உடன் வந்த ஆசிரியர் வாங்குவார். அருங்காட்சியகத்தில் ஆங்கில ஒலிவழிகாட்டி இருக்கும். இரவு விடுதி அறைக்குத் திரும்பியதும் வாட்ஸ்அப்பில் அம்மா. அந்த இருபது பேரும் பிரான்சில் இருந்தார்கள் என்பது கடவுச்சீட்டு முத்திரைப்படி உண்மை.

கனடாவில் இதற்கு வேறு மாதிரி ஏற்பாடு உண்டு. கியூபெக்கில் செயிண்ட் லாரன்ஸ் ஆற்றின் தென்கரையில் த்ருவா பிஸ்தோல் என்று ஒரு சிற்றூர். ஒண்டாரியோவின் வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் அங்கே 1932 முதல் பிரெஞ்சுப் பள்ளி நடத்திவருகிறது. ஐந்து வாரம் தங்கல். உள்ளூர்க் குடும்பங்களோடு சாப்பாடும் படுக்கையும். வகுப்பிலும் வீட்டிலும் தெருவிலும் பிரெஞ்சு மட்டும். பார்த்துத் தீர்க்கவேண்டிய கோபுரம் எதுவும் ஊரில் கிடையாது. என் கணிப்பில் அந்தப் பள்ளியின் பெரிய பலமே அதுதான். மாலையானால் செய்வதற்கு வேறு வேலை இல்லாத ஊரில் மனிதர்களோடு பேசித்தான் ஆகவேண்டும். பாரிஸைவிட விஷி, துர், பெசான்சோன் போன்ற நடுத்தர நகரங்களைத் தேர்ந்தெடுங்கள் என்று சொல்லத் தோன்றுவதும் இதனால்தான். விஷியில் 1964இல் தொடங்கிய கவிலாம் மொழி மையம் இன்றும் அயல்நாட்டவருக்குப் பாடம் நடத்துகிறது.

குடும்பத்தோடு தங்கவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த நம்பிக்கைக்கும் ஷாரன் வில்கின்சன் 2002இலேயே ஒரு குட்டு வைத்துவிட்டார். பிரான்சில் விருந்தினராகத் தங்கிய அமெரிக்க மாணவர்களின் உரையாடல்களைப் பதிவுசெய்து பார்த்தபோது, சாப்பாட்டு மேசையும் வகுப்பறையாகவே மாறியிருந்ததை அவர் கண்டார். வீட்டுக்காரர் கேள்வி கேட்கிறார், மாணவர் பதில் சொல்கிறார், வீட்டுக்காரர் திருத்துகிறார், மாணவர் திருத்தத்தைத் திரும்பச் சொல்கிறார், அத்தோடு பேச்சு முடிந்தது. கேள்வி கேட்பது ஆசிரியர் வேலை, பதில் சொல்வது என் வேலை என்று பத்து வருடம் பழகிய பிள்ளை கடல் தாண்டியும் அப்படியேதான் நடந்துகொள்ளும். பழக்கிவிட்டவர்கள் நாம். எதிராளியைக் கேள்வி கேட்கவும், புரியாததைப் புரியவில்லை என்று சொல்லி மறுபடி கேட்கவும், பேச்சின் நடுவே புகவும் இங்கேயே பழக்கி அனுப்பாவிட்டால் எந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையும் உதவாது.

சரி, பயணத்தால் கிடைப்பது என்ன? காது திறக்கும், தயக்கம் குறையும், பேச்சு வழக்கு நாக்கில் ஏறும். பிரான்சில் ஓராண்டு இருந்து திரும்பிய ஐரிஷ் மாணவர்கள் எதிர்மறை வாக்கியத்தில் 'நெ'யை விழுங்கிவிட்டு 'பா'வோடு நிறுத்தும் வழக்கத்துக்கு வெகுவாக மாறியிருந்ததை வெரா ரீகன் 1995இல் காட்டினார். பிரெஞ்சுக்காரர்கள் அப்படித்தான் பேசுகிறார்கள். நம் விடைத்தாளில் அப்படி எழுதினால் மதிப்பெண் போகும். இலக்கணத் துல்லியம் தானாக வராது என்பதும் அவ்வளவு உறுதி. கியூபெக்கின் செயிண்ட் லாம்பர்ட்டில் பெற்றோர் முயற்சியால் 1965இல் பிறந்த பிரெஞ்சுவழி வகுப்புகள் கனடா முழுதும் பரவின. அந்தப் பிள்ளைகள் கேட்டுப் புரிந்துகொள்வதில் பிரெஞ்சுப் பிள்ளைகளை நெருங்கியும், பேச்சிலும் எழுத்திலும் இலக்கணத்தில் பின்தங்கியே இருந்ததை மெரில் ஸ்வெயின் 1985இல் சுட்டிக்காட்டினார். ஆண்டுக்கணக்கில் பிரெஞ்சிலேயே பாடம் படித்தவர்களின் நிலை அது. இரண்டு வாரத்தில் இலக்கணம் சீராகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

தமிழ்நாட்டில் பிளஸ் டூவில் பிரெஞ்சு எடுக்கும் பலர் மதிப்பெண்ணுக்காகவே எடுக்கிறார்கள் என்பது நமக்குள் ரகசியமில்லை. பாடப்பகுதியை மனப்பாடம் செய்து நூற்றுக்கு நூறை நெருங்கிய பிள்ளை, விமான நிலையத்தில் கழிப்பறை எங்கே என்று கேட்கத் திணறும். மதிப்பெண் பட்டியலைப் பார்த்துப் பயணத்துக்கு ஆள் சேர்ப்பது தவறு. ஏ2 நிலையைப் பேச்சில் எட்டாத மாணவரை அனுப்பக் கூடாது என்பது இந்த இதழின் கருத்து. அவர்களுக்கு முதலில் வேண்டியது உள்ளூரிலேயே ஒரு வார பிரெஞ்சு முகாம். புதுச்சேரி பக்கத்தில் இருக்கிறது. வீட்டில் பிரெஞ்சு பேசும் குடும்பங்களும், 1826 முதல் நடந்துவரும் பிரெஞ்சுப் பள்ளியும், அலியான்ஸ் பிரான்சேசும் உள்ள ஊர். வெர்மான்ட் மாநிலத்து மிடில்பரி கல்லூரியின் கோடைக்காலப் பள்ளிகளில் மாணவர்கள் கையெழுத்திடும் மொழி உறுதிமொழியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். செலவு ஒரு தாள்தான். செல்பேசியை மாலையில் அரை மணி நேரம் மட்டும் தருவது என்று ஆரம்பத்திலேயே பெற்றோரிடம் பேசிவிடுங்கள். அந்த ஒரு விதிக்கு வரும் எதிர்ப்பு மற்ற எல்லா விதிக்கும் சேர்த்து வராது.

அதற்குப் பிறகும் வெளிநாடு போவதென்றால், கையெழுத்துப் போடும் முன் நிறுவனத்திடம் கறாராகக் கேளுங்கள். ஒரு வீட்டில் எத்தனை பேரைத் தங்கவைப்பீர்கள்? ஒரே பள்ளிப் பிள்ளைகள் இருவரை ஒரே வீட்டில் போடமாட்டோம் என்று எழுதித் தருவீர்களா? வகுப்பில் வேற்று நாட்டு மாணவர்கள் கலந்திருப்பார்களா, அல்லது நம் குழுவுக்கு மட்டும் தனி வகுப்பா? பதில் வராவிட்டால் அதைச் சுற்றுலா என்று பெற்றோரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். சுற்றுலா போவதில் குற்றமில்லை, மொழிப் பயிற்சி என்று பேர்வைத்துப் பணம் வாங்குவதில்தான் குற்றம்.

இந்தக் கோடையில் மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். புறப்படும் முன் ஒவ்வொருவரையும் ஐந்து நிமிடம் பிரெஞ்சில் பேசவைத்துப் பதிவுசெய்யுங்கள். திரும்பியதும் அதே தலைப்பில் இன்னொரு ஐந்து நிமிடம். இரண்டையும் கேட்டுவிட்டு எங்களுக்கு எழுதுங்கள். முன்னேற்றம் இல்லை என்று தெரிந்தாலும் எழுதுங்கள், வெளியிடுகிறோம்.